அப்பாவின் இரண்டு ஃபிளாப்பிகள்

ஹனூரில் எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், அம்மாவின் கல்யாணப் புடவையைச் சுற்றி வைத்திருக்கும் துணிமூட்டைக்கு அடியில், கறுப்பு நிறத்தில் இரண்டு ஃபிளாப்பிகள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடந்தன. ஒன்றின் மீது அப்பாவின் கையெழுத்தில் 'பக்கம் 1 முதல் 70 வரை' என்றும், மற்றொன்றின் மீது '71 முதல் 130 வரை' என்றும் எழுதியிருந்தது. மை மங்கிவிட்டது. எழுத்து மட்டும் பள்ளி ஆசிரியருக்கே உரிய உருண்டை எழுத்தாக இருந்தது.

அந்த நூற்று முப்பது பக்கங்களில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 1955இல் ஹனூரை அடுத்த ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மறு ஆண்டு 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது வட்டம் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. அப்பா அதே நாற்காலியில், அதே கரும்பலகைக்கு முன்னால், வேறொரு மாநிலத்தின் ஊழியரானார். கன்னடத் தேர்வு எழுதித் தேறினார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் பாடம் சொன்னார். வீட்டுக்கு வந்தால் எங்களுக்குச் சிலேட்டில் 'அம்மா, ஆடு' எழுதிக் காட்டினார். இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் பலர் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள், அல்லது அங்ஙனம் வந்தவர்களின் மக்கள். நாங்களோ எங்கும் பெயரவில்லை, எல்லைதான் பெயர்ந்தது. ஆயினும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து மறந்துவிடுமோ என்கிற அச்சம் நமக்கெல்லாம் ஒன்றுதான் அல்லவா?

ஓய்வு பெற்றபின் அப்பா தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார். மாதேசுவரன் மலைக்கு நடந்து போகிற கூட்டம், மார்டள்ளிப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள், பள்ளியில் தமிழ்ப் பாடநூலும் கன்னடப் பாடநூலும் ஒரே அலமாரியில் இருந்த ஆண்டு, 1991 டிசம்பரில் காவிரியை முன்னிட்டு மூண்ட கலவரத்தின்போது கதவைச் சாத்திக்கொண்டு இருந்த இரவுகள் எனப் பலவற்றையும் நான்கு நீளக் குறிப்பேடுகளில் எழுதினார். 1998இல் அவற்றைத் தமிழில் அச்சடித்துத் தருகிற டி.டி.பி. கடை ஒன்றை மேட்டூரில் கண்டுபிடித்தார். ஹனூரிலிருந்து கௌதள்ளி வழியாக மலை ஏறி, பாலாற்றுப் பக்கம் இறங்கி மேட்டூருக்குப் போகிற பேருந்து அது. வீரப்பனைத் தேடுகிற போலீசார் சோதனைச் சாவடிதோறும் பேருந்தை நிறுத்திப் பைகளைக் குடைந்த காலம். அறுபது வயதைக் கடந்த மனிதர் குறிப்பேடுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏழு முறை போய்வந்தார். எட்டாம் முறை இரண்டு ஃபிளாப்பிகளோடும், அச்சிட்ட ஒரே ஒரு பிரதியோடும் வந்தார்.

பிரதியை நூலாக்கும் எண்ணத்தோடு ஒருவருக்கு அனுப்பினார், அது திரும்பவில்லை. குறிப்பேடுகளைச் சில ஆண்டுகளில் செல் அரித்துவிட்டது. அப்பா 2009இல் காலமானார். எஞ்சியவை ஃபிளாப்பிகள் இரண்டும், பிழை மலிந்திருந்ததால் அப்பாவே ஒதுக்கிய மூன்று அச்சுத் தாள்களும். அம்மா அவற்றின் பின்புறத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருந்ததால் அவை பிழைத்தன.

இடையில் நான் ஒருமுறை முயன்றேன். மைசூரில் தெரிந்த ஒருவரின் கணிப்பொறியில் முதல் ஃபிளாப்பியைப் போட்டுத் திறந்தபோது கண்ட காட்சியை மறக்க இயலாது. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஐரோப்பிய எழுத்துகள், ஒவ்வொன்றின் தலையிலும் கொம்போ மீசையோ தொப்பியோ முளைத்து, வரி வரியாக, பத்தி பத்தியாக நின்றன. பத்திப் பிரிப்பு மட்டும் அப்பாவுடையது. எந்தத் தமிழ் மென்பொருளில் அடித்தார்களோ அதைத் தயாரித்த நிறுவனம் இழுத்து மூடப்பட்டிருந்தது. அது இருந்த காலத்திலும் கணிப்பொறியின் முதுகில் சொருகும் ஒரு சிறு சாவிக்கட்டை இல்லாவிடில் அந்தத் தமிழ் திரையில் தோன்றாதாம். மேட்டூர்க் கடை இருந்த இடத்தில் பேக்கரி நடக்கிறது.

இந்த இடத்தில்தான் என் அக்காள் மகன் வருகிறான். பெங்களூரில் மென்பொருள் பொறியாளன். பண்டிகைக்கு ஹனூர் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள கணிப்பொறி விவகாரம் அனைத்துக்கும் தீர்ப்புச் சொல்லுவான். 'கட்டற்ற மென்பொருள்' என்பது அவனுக்கு ஏறக்குறைய ஒரு சமயம். என் கைப்பேசியைப் பார்த்தால் ஒரு குறை, என் அலுவலகத்தைப் பற்றிப் பேசினால் நூறு குறை. நான் மத்திய அரசின் ஒரு குமாஸ்தா. கோப்பும் குறிப்பும் தவிர மற்றது அறியாதவன். ஆயினும் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சுவை உண்டு. பாதியை மறுப்பேன். பாதி இரவில் தூங்கவிடாது.

அவன் சொன்ன கதைகளில் ஒன்று அச்சுப்பொறிக் கதை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்றொரு நிரலர் இருந்தார். பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகும்படி அதன் நிரலை அவர் மாற்றி வைத்திருந்தாராம். 1980ஐ ஒட்டி புதிதாக ஒரு லேசர் அச்சுப்பொறி வந்தது. அதுவும் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆனால் அதன் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து அன்பரைத் தேடிப்போய்க் கேட்டபோது, யாருக்கும் காட்டமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன் என்று அவரும் கைவிரித்தாராம். அந்தக் கோபம் உள்ளேயே கனன்று, 1983 செப்டம்பரில் 'க்னூ' என்னும் திட்டமாக வெளிப்பட்டது. யாரும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். தரும்போது அதே உரிமைகளையும் சேர்த்தே தரவேண்டும் என்கிற பொது உரிமம் 1989இல் வந்தது. 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்சு என்ற இருபத்தொரு வயது மாணவர் எழுதிய லினக்ஸ் கருவும் அடுத்த ஆண்டில் அதே உரிமத்தின் கீழ் வந்து சேர்ந்துகொண்டது.

"உங்கள் கைப்பேசிக்குள்ளும் அந்த லினக்ஸ்தான் ஓடுகிறது, மாமா" என்றான்.

"அப்படியானால் என் கைப்பேசியை ஏன் திட்டுகிறாய், மாப்பிள்ளை?" என்றேன். அடித்தளம் திறந்ததாம், மேலே கட்டிய மாடிகள் பூட்டியவையாம். இந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

ஒன்றில் மட்டும் நம் மொழியை மெச்சினான். ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலை பெற்றதற்கும் ஒரே சொல்லாம். ஸ்டால்மன் ஊர் ஊராகப் போய் அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே பாதி ஆயுளைச் செலவிட்டிருக்கிறாராம். நமக்கோ இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கோயில் வாசலில் வாங்கும் பிரசாதம் இலவசம். அதைச் செய்யும் பக்குவத்தை மடைப்பள்ளியில் போய்க் கேட்டால் சொல்வார்களா? சொன்னால்தான் கட்டற்றது.

இத்தனையும் கேட்டுவிட்டு, சென்ற ஆண்டுத் தீபாவளி விடுமுறையில், அலமாரியைத் திறந்து அந்த இரண்டு ஃபிளாப்பிகளையும் அவன் கையில் கொடுத்தேன். "உன் சமயத்துக்கு அற்புதம் செய்யத் தெரியுமா, பார்க்கலாம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தாத்தாவின் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தான். மறுவாரம் பெங்களூரிலிருந்து ஒரு வெளிப்பெட்டி வாங்கிவந்தான். ஃபிளாப்பியைப் படிக்கும் கருவி, பென் டிரைவைச் சொருகுவதுபோல் சொருகுவது. முதல் ஃபிளாப்பி முனகிக்கொண்டே முழுவதும் படிந்தது. இரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப இயக்கியும் கடைசி இருபத்தெட்டுப் பக்கங்கள் வரவில்லை. காந்தப் பூச்சு உதிர்ந்த இடத்துக்கு எந்த உரிமமும் உயிர் கொடுக்காது. ஆகவே நூற்று முப்பதில் நூற்றிரண்டு பக்கங்கள். கோப்பை லிபர் ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் மறுப்புச் சொல்லாமல் திறந்தது. திறந்தால் அதே கொம்பும் மீசையும்.

அப்போதுதான் நோய் இன்னதென்று எனக்கு விளங்கச் சொன்னான். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அக்காலத்தில் ஓர் எழுத்துக்கு இருந்த இடம் மொத்தம் 256. முதல் 128 ஆங்கிலத்துக்குப் போக மீதி 128இல் தமிழை அடக்கவேண்டும். நம்முடைய எழுத்துகளோ 247, கிரந்தம் தனி. ஆகவே ககரம், காலடி, கொம்பு, சுழி என்று உடைத்து அடுக்கினார்கள். அடுக்கியதில் தவறில்லை, ஆளுக்கொரு வரிசையில் அடுக்கினார்கள். ஒரு நிறுவனத்தின் ககரம் மற்றொன்றில் ணகரமாயிற்று. தம் வரிசை இன்னதென்று பலர் வெளியிடவும் இல்லை. அதுவே அவர்கள் வியாபாரத்தின் பூட்டு. அன்றைய சந்தையில் அவர்களுக்கும் வயிறு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. என் மருமகன் மறுக்கிறான்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்கள் 1998 பொங்கலை ஒட்டித் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளிலிருந்த தமிழன்பர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்தார்கள். அவர்கள் பயன்படுத்திய 'திஸ்கி' என்னும் குறியாக்கத்தின் அட்டவணை ஊரறிய இருந்தது. ஆகையால் யூனிகோடு பரவியபோது அந்நூல்கள் அனைத்தையும் எளிதில் புதிய முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் பொதுத்தரம் வகுத்தார்கள். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. அதில் ககரத்துக்கு எண் 2965. ஹனூரிலும் 2965, கோலாலம்பூரிலும் 2965, டொரண்டோவிலும் 2965. அப்பா மேட்டூருக்குப் பேருந்து ஏறியது மதுரைத் திட்டம் தொடங்கிய அதே 1998இல். ஒரே ஆண்டில் உள்ளே போன இரண்டு தமிழ்களில் ஒன்று உலகமெங்கும் படிக்கப்படுகிறது, மற்றொன்று புடவை மூட்டைக்கு அடியில் கிடந்தது.

அட்டவணை இல்லை, நிறுவனமும் இல்லை. என்ன செய்வது? "பால் கணக்குத் தாள்களைக் கொண்டு வாருங்கள், மாமா" என்றான்.

அந்த மூன்று இரவுகளை நான் என் வாழ்நாளில் நல்ல இரவுகளாகக் கருதுகிறேன். அச்சுத் தாளில் உள்ள வரி எது என்று கோப்பில் பத்தி அளவைக் கொண்டு கண்டுபிடித்தோம். பிறகு கல்வெட்டுப் படிப்பவரைப்போல் ஓரோர் எழுத்தாக நான் வாசிக்க, அவன் அதற்கு நேரான எண்ணைக் குறித்தான். "மகரம்." "குறித்தாயிற்று." "ழகரம், அதன்மேல் புள்ளி." "அதற்குத் தனி எண்." நான் கன்னட வழியில் படித்தவன், என் தமிழ் எழுத்து முழுவதும் அப்பா சிலேட்டில் போட்டுக் கொடுத்தது. அவர் எழுத்தை மீட்க அவர் கற்றுக்கொடுத்த எழுத்தே உதவிற்று என்று அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அப்போது கண் கலங்கவில்லை. னகரத்துக்கும் ணகரத்துக்கும் இடையே சிக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வேடிக்கையான தடை கொம்பால் வந்தது. பழைய முறையில் 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். கண் காணும் வரிசை. யூனிகோடில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. வாய் சொல்லும் வரிசை. இதைத் திருப்பாமல் மாற்றியதால் முதல் நாள் அப்பாவின் 'கொள்ளேகால்' கை கால் இடம் மாறிக் கிடந்தது. நிரலில் நான்கு வரி சேர்த்துச் சரிசெய்தான். அதற்கு 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு பெருந்துணை செய்தது. முத்து அண்ணாமலை என்பவரும் பிற தன்னார்வலர்களும் ஆக்கிப் பொதுவில் வைத்தது அது. அமெரிக்காவிலோ அரக்கோணத்திலோ யாரோ ஒருவர் தம் இரவில் எழுதியதை ஹனூரில் எங்கள் இரவில் எடுத்துக்கொண்டோம். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதவேண்டியிருக்கவில்லை.

மூன்று தாள்களில் வராத எழுத்துகளுக்குக் கட்டம் போட்டு விட்டிருந்தோம். முதலில் விடுபட்டது ஒரு கட்டம். அதையடுத்து 'னூர்' என்று ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் "ஹகரம்!" என்று கூவினோம். உறங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து என்ன திருடனா என்று கேட்டார்கள். எங்கள் ஊரின் பெயரே ஓர் எழுத்தைக் காட்டிக் கொடுத்தது.

மூன்றாம் இரவு முடியுமுன் நூற்றிரண்டு பக்கங்களும் தமிழாகிவிட்டன. சடங்குபோல் என் கைப்பேசிக்கு அனுப்பினான். அவன் திட்டுகிற அதே கைப்பேசியில் அப்பா பேசத் தொடங்கினார்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஏனென்றால் எழுத்து திறந்த மறுநாளே எங்களுக்குள் வழக்கு வந்தது.

அவன் சொன்னது: அட்டவணையையும் மாற்றும் நிரலையும் பொது உரிமத்தில் வெளியிடவேண்டும், தாத்தாவின் நூலையும் யாரும் எடுத்து அச்சிடலாம் என்று கட்டற்ற உரிமத்தில் வெளியிடவேண்டும். முதலாவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதில் நான் தயங்கினேன். 1991ஐப் பற்றிய பகுதியில், எங்களை ஒளித்து வைத்துக் காத்த கன்னடக் குடும்பத்தின் பெயரை அப்பா எழுதியிருக்கிறார். வாசலில் வந்து கத்தியவர்களின் பெயரையும் எழுதியிருக்கிறார். அவர்களில் சிலர் இன்றும் இருக்கிறார்கள். எதிரே வந்தால் நலம் விசாரிக்கிறோம். அவர்கள் பேரப்பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. 'பூட்டுவதெல்லாம் பாவம்' என்பது நிரலுக்குப் பொருந்தலாம். ஒரு மனிதன் தன் குடும்பத்துக்கு எழுதியதற்கும் பொருந்துமா?

"தாத்தா புத்தகமாகப் போடத்தானே மாமா அனுப்பினார்?" என்றான். அது நியாயமான கேள்வி. அதற்கு நான் கொடுத்த விடை குமாஸ்தாவின் விடை: அச்சுக்கு அனுப்பிய 1998இல் யாரோ இருநூறு பேர் படித்திருப்பார்கள், இன்று வெளியிட்டால் அன்று மாலையே ஊர் முழுவதும் கைப்பேசியில் அந்த ஒரு பக்கம் மட்டும் சுற்றும்.

வேறொன்றிலும் நாங்கள் முட்டிக்கொண்டோம். என் அலுவலக வாழ்க்கையில் கையெழுத்தில்லாத குறிப்பைக் கண்டதில்லை. யார் எழுதினார், யார் ஒப்பினார், தவறென்றால் யாரைக் கேட்பது என்பது முதல் தாளிலேயே இருக்கும். உலகம் முழுவதும் ஊதியமில்லாத முகமறியாதார் எழுதுகிற நிரலுக்கு யார் பொறுப்பு? இதைக் கேட்டபோது அவனே, மறைக்காமல், 2024 மார்ச்சில் நடந்ததைச் சொன்னான். 'எக்ஸ்இசட்' என்றொரு சிறு கருவி, கோப்புகளைச் சுருக்குவது, உலகின் எண்ணற்ற லினக்ஸ் கணிப்பொறிகளில் இருப்பது. அதைப் பராமரித்தவர் ஒரே ஒருவர், களைத்துப் போனவர். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கை பெற்று, கடைசியில் ஒரு கள்ளக் கதவை உள்ளே வைத்துவிட்டார். புதிய பதிப்பு எங்கும் பரவுமுன் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர், உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாவது ஏன் என்று நோண்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தாராம். அவர் பணிபுரிவது மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் என்பதைச் சொல்லும்போது மட்டும் மருமகனின் குரல் சற்றுத் தணிந்தது.

"பார்த்தாயா? ஊதியம் கொடுக்காமல் ஒருவரிடம் ஊரின் சாவியைக் கொடுத்தால் இதுதான்" என்றேன்.

"மூலநிரல் திறந்திருந்ததால்தானே, மாமா, அரை வினாடிக்காக ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது?" என்றான். அதே ஆண்டு ஜூலை 19ஆம் நாளை நினைவூட்டினான். பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் பூட்டிய மென்பொருளில் ஒரு பிழையான புதுப்பிப்பு போய், ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய பயணச் சீட்டோடு ஆட்களை ஏற்றினார்கள். அந்தச் செய்தியில் எனக்கு இரகசியமாக ஒரு மகிழ்ச்சி உண்டு. கையெழுத்து அழகாக இருந்த யாரோ ஒரு குமாஸ்தாவுக்கு அன்று மதிப்பு வந்திருக்கும்.

அரசின் நிலையையும் சொல்லவேண்டும். 2015இல் மத்திய அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது: மின்னாளுகைக்கான மென்பொருள் வாங்கும்போது திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை, விலக்கினால் காரணம் காட்டவேண்டும். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2007இல், சென்னையிலிருந்த சி-டாக் மையம் 'பாஸ்' என்ற பெயரில் ஓர் இந்திய லினக்ஸை வெளியிட்டுவிட்டது. கேரளத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணிப்பொறி கற்கிறார்கள். நான் அறிந்த அலுவலகங்களில் சுற்றறிக்கை சுற்றி வந்து, அனைவரும் கண்டதற்கு அடையாளமாகச் சிறு கையொப்பம் இட்டு, கோப்பில் சேர்ந்தது. குமாஸ்தா என்ற முறையில் அதற்கு நானும் உடந்தை. பழகிய பொத்தானை விட்டு வேறு பொத்தானை அழுத்து என்றால் என் போன்றவர்கள் முதலில் கேட்பது கட்டுண்டதா கட்டற்றதா என்றன்று, மதிய உணவுக்குமுன் வேலை முடியுமா என்றுதான். மருமகனுக்கு இது புரியவில்லை. அவனுக்கு மதிய உணவு அலுவலகத்திலேயே போடுகிறார்கள்.

அவன் ஊதியம் பெறுவது பூட்டிய மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில். அதை நான் ஒருமுறை குத்திக்காட்டியபோது, "பகலில் பூட்டுகிறேன், இரவில் திறக்கிறேன்" என்று சிரித்தான். சிரிப்பு முழுமையாக இல்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வழக்கு கடைசியில் இப்படி முடிந்தது. அட்டவணையையும் நிரலையும் அவன் பொது உரிமத்தில் வெளியிட்டுவிட்டான். எழுத்துருவின் பெயரைத் தலைப்பில் இட்டிருக்கிறான். அப்பாவின் நூலைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொண்டோம்; 1991ஆம் ஆண்டுப் பகுதி நீங்கலாக மற்றதை வெளியிடுவது பற்றி அக்காளும் நானும் அம்மாவைக் கேட்டு முடிவு செய்வோம் என்று ஒப்புக்கொண்டான். சில மாதங்களில் சேலத்துப் பக்கமிருந்து ஒருவர் அவனுக்கு எழுதினார். அவருடைய தகப்பனார் ஒரு கூத்துக் கலைஞராம். பாடல்களை அதே எழுத்துருவில் யாரிடமோ அடித்து வைத்திருந்தாராம். அட்டவணை பொருந்திற்றாம், நாங்கள் கட்டம் போட்டு விட்டிருந்த ஐந்து எழுத்துகளில் மூன்றை அவர் நிரப்பி அனுப்பியிருந்தார். எங்கள் அப்பாவின் நூலில் மூன்று ஊர்ப் பெயர்கள் அதனால் முழுமை பெற்றன.

அம்மாவுக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது, கண் சரியில்லை. பொங்கல் விடுமுறையில் நான் பக்கம் பக்கமாக வாசிக்கத் தொடங்கினேன். 1956 நவம்பர் முதல் நாள் வியாழக்கிழமை பள்ளியில் புதிய மாநிலம் பிறந்ததைக் கொண்டாடிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கியதாக அப்பா எழுதியிருந்தார். அம்மா, அப்பாவுக்கு அத்தை மகள். அந்நாளில் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவி.

"மிட்டாய் ஏதுடா?" என்றார்கள். "பொரிகடலையும் வெல்லமும்தான் குடுத்தாங்க. அதுவும் எனக்குக் கடைசி வரிசை, வெல்லம் கிடைக்கல. உங்கப்பா எழுதினது தப்பு. திருத்து."

நான் திகைத்தேன். இத்தனை பாடுபட்டு மீட்ட எழுத்தில் கைவைப்பதா? அப்பா எழுதியது அப்பா எழுதியபடியே இருக்கவேண்டும் என்றேன். அம்மாவோ விடுவதாயில்லை, தான் அங்கே இருந்ததாகவும், வெல்லம் கிடைக்காதவளுக்குத்தான் அது நினைவிருக்கும் என்றும் சொன்னார்கள்.

மருமகன் மடிக்கணினியைத் திறந்தான். நிரலர்கள் ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தும்போது பழையதும் அழியாமல், புதியதும் யார், எந்நாள், ஏன் திருத்தினார் என்ற குறிப்போடு நிற்கும்படி 'கிட்' என்றொரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதை 2005இல் எழுதியவரும் அந்த ஹெல்சின்கி மாணவர்தானாம். அப்பாவின் நூலை அவன் அதில் ஏற்றி வைத்திருந்தான். அப்பாவின் மிட்டாய் முதற்பதிப்பில் இருக்கிறது. அடுத்த பதிப்பில் பொரிகடலையும் வெல்லமும்; திருத்தியவர் இடத்தில் அம்மாவின் பெயர், காரணம் என்ற இடத்தில் 'நேரில் கண்டது'. நான் கேட்ட கையெழுத்து அதில் இருந்தது.

அம்மா அதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். "வெல்லம் எனக்குக் கிடைக்கலங்கிறதையும் சேர்த்துக்கோ" என்றார்கள்.